ஒரே ஓடையின் தவளை

பாபநாசம் மேலணையைத் தாண்டி ஜீப் நின்றபோது மணி மூன்றுதான். ஐப்பசி மழை அதற்குள் மலையை இருட்டாக்கி வைத்திருந்தது. காவலர்கள் தங்கும் பழைய ஓட்டுக் கட்டடத்தில் போன வருஷத்து வாடை அப்படியே இருந்தது: ஈரச் சாக்கு, மண்ணெண்ணெய், அட்டை ஏறாமலிருக்கக் காலில் தடவும் புகையிலைத் தண்ணீர். என் கணவர் மழைக்கோட்டு மாட்டும் ஆணி காலியாக இருந்தது.

வனக் காவலர் கைலாசம் என் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டார். "திரும்ப வருவீயன்னு நெனைக்கல டீச்சர்." பிறகு என்னோடு வந்த சித்ரலேகாவிடம் திரும்பினார். "நீயும் தவளைக் கட்சிதானாம்மா? யானை பாக்க வாரவுக உண்டு, புலி பாக்க வாரவுக உண்டு. நகத் தண்டி தவளையப் பாக்க வாரது நீங்க மட்டுந்தான்."

"பாக்க இல்ல அண்ணாச்சி, கேக்க" என்றாள் அவள்.

என் கணவர் பாக்கியசீலன் பாளையங்கோட்டையில் விலங்கியல் பேராசிரியர். சித்ரலேகா அவருடைய மாணவி. கட்டைவிரல் நகத்தளவே உள்ள அந்தப் பழுப்புத் தவளையை, மலை முழுக்கக் கிடைக்கும் சாதாரண இனம் என்றே எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குரலில்தான் தெரியும். சாதாரணத் தவளை விடாமல் நான்கு தட்டு தட்டும். இது மூன்று தட்டி, நிறுத்தி, மறந்ததை நினைத்துக்கொண்டதுபோல் இன்னொன்று தட்டும்.

"இது வேற ஆளு, சாலோமி" என்றார் அவர் என்னிடம்.

பதினோரு மழைக்காலம், தாமிரபரணிக்கு இறங்கும் ஓடைகளில் நின்று கேட்டோம். அது இல்லாத இடத்துக்கு வரைபடத்தில் வெற்று வட்டம். இருக்கும் இடத்துக்குக் கறுப்பு வட்டம். வெற்று வட்டங்கள் தொண்ணூற்றிரண்டு. கறுப்பு ஒன்றே ஒன்று, இந்தக் கட்டடத்துக்கு மேலே உள்ள ஓடை.

அவர் போன பிறகு சித்ரலேகா கட்டுரையை முடித்து, தவளைக்கு அவர் பெயரையே வைத்திருந்தாள். வேறு சத்தம் கலக்காத ஐந்து நிமிடக் குரல்பதிவு வேண்டும் என்று ஆய்விதழிலிருந்து எழுதிவிட்டார்கள். அது இல்லாவிட்டால் பதினோரு வருஷமும் சாதாரணத் தவளையின் பெயருக்குள் போய்விடும்.

"போன வருஷம் பதிஞ்சது என்னாச்சுக்கா?"

"மழை விழுந்து கெட்டுப்போச்சு" என்றேன்.

அது பொய்.

மனிதர் பேச்சைக் கேட்டால் அந்தத் தவளை அன்றைக்கு முழுக்க வாய் திறக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பதிவு ஓடும் ஐந்து நிமிடமும் பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. போன ஐப்பசியில் நான் ஹெட்போனை மாட்டி, மைக்கை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்குப் பின்னால், பாறைமேல். இரண்டாவது நிமிடத்தில் ஒரு கல் உருண்டது. பிறகு மிக மெதுவாக, "சாலோமி."

நான் திரும்பவில்லை. பொறுங்கள் என்று பின்னால் கையைக் காட்டினேன்.

அவர் மறுபடி கூப்பிடவில்லை. தவளை கலைந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். அவர் அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டதால் தவளைகூட நிறுத்தவில்லை. ஐந்து நிமிடம் முடிந்து திரும்பியபோது பாறை காலியாக இருந்தது. ஓடையில் வெள்ளம் ஏறியிருந்தது. மூன்றாம் நாள் அணைத் தண்ணீரில் கிடைத்தார். அவர் கூப்பிட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு ஏறினோம். "இங்கன வழுக்கும், பைய வாங்க" என்றார் கைலாசம். அந்த வளைவில் என் கணவரும் எனக்கு அதையேதான் சொல்வார். இருவரையும் கீழே நிறுத்திவிட்டு நான் மட்டும் மேலே போனேன். சித்ரலேகா தானே பதிகிறேன் என்றாள். நான் விடவில்லை.

இலை அழுகும் வாடை. பாறையிலிருந்து குளிர் ஏறியது. ரெக்கார்டரை ஓடவிட்டேன்.

தட், தட், தட்.

தட்.

முதல் நிமிடம் போனது.

இரண்டாவது நிமிடம்.

ஒரு கல் உருண்டது.

புகையிலைத் தண்ணீர் வாடை என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"சாலோமி."

பழக்கத்தில் என் கை பின்னால் எழுந்தது. பாதியில் நிறுத்தினேன். வாயைத் திறந்தால் தவளைக்கு அவர் பெயர் இல்லை. அது எனக்குத் தெரியும்.

"இந்தா வாரேன்!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

பாறை காலியாக இருந்தது. தவளை நின்றுவிட்டது. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ரெக்கார்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இருவரும் ஓடிவந்தார்கள். "கெடுத்துட்டேன், பேசிட்டேன்" என்று அழுதேன். சித்ரலேகா ஹெட்போனை மாட்டி முழுதும் கேட்டாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்னக்கா சொல்லுதீங்க? அஞ்சு நிமிஷமும் தவளை மட்டுந்தான் இருக்கு. உங்க மூச்சுகூட இல்ல."

கைலாசம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "டீச்சர் போட்ட சத்தம் கீழ எங்க ரெண்டு பேருக்கும் கேட்டுச்சே" என்றார் தாழ்ந்த குரலில். அவள் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். தவளைக்கு இப்போது அவர் பெயர்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, பீரோவில் துணிக்கடியில் ஒரு வருஷத்துக்கு மேலாகக் கிடந்த பழைய பதிவை எடுத்தேன். அவர் குரல் இன்னொரு முறை வேண்டும்போல் இருந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

தவளை. தண்ணீர். இரண்டாவது நிமிடத்தில் கல்.

"சாலோமி."

அதற்குப் பிறகு, நான் கையைக் காட்டிய மௌனம் இருக்க வேண்டும்.

"இந்தா வாரேன்!"

என் குரல்.

அந்தப் பதிவிலும் தவளை நின்றுவிட்டது. வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு, காதுக்கு மிக அருகில், அவர் சொன்னார்:

"பைய வா. இங்கன வழுக்கும்."