அக்ரிலிக் அரண்மனையில் ஒரு மயக்கம்

மனிதன் சிங்கத்தை அடக்கியிருக்கிறான். யானையைப் பழக்கியிருக்கிறான். ஆனால் டாரன்டுலா என்னும் ராட்சதச் சிலந்தியை உள்ளங்கையில் உட்காரவைத்து உறங்கச் செய்த மாவீரன், சேலம் அஸ்தம்பட்டி இளஞ்செழியன் ஒருவனே!

இதைச் சொன்னவன் இளஞ்செழியன்.

தன்னுடைய யூடியூப் சேனலில், ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும், முரசு முழங்கச் சொல்வான். பார்ப்பவர்களில் பாதிப் பேர் மனைவி சௌமியாவின் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் கரப்பான் மருந்து விளம்பரம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள்.

ஆயுத பூஜை. காலை நேரம்.

மாடி அறையிலிருந்து ஓர் அலறல்!

"ஐயோ... சாமீ! யாராச்சும் ஓடியாங்க...!"

அலறியது மாமியார் பெரியநாயகி.

வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்த இளஞ்செழியன் குழாயை எறிந்துவிட்டு ஓடினான். சமையலறையிலிருந்து சௌமியா ஓடினாள்.

மாடி அறைக்கு இளஞ்செழியன் வைத்திருந்த பெயர் 'ஆய்வகம்'. அக்ரிலிக் ஷீட்டுகள், ரம்பம், டிரில் மெஷின். நேற்று ஜன்னலைக்கூட இறுக்கி மூடி ஏ.சி. போட்டிருந்தான்.

அதன் நடுவே தரையில்...

மாமனார் செங்கோட்டையன்!

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் முதலாளி. ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்த மனிதர். இப்போது பேச்சு மூச்சில்லாமல் மல்லாந்து கிடந்தார். முகத்தின் மேல் ஓர் ஈரத் துண்டு. பக்கத்தில் கவிழ்ந்த சந்தனக் கிண்ணம். மேசைக்கடியில் உருண்டு கிடந்த காலிப் பன்னீர் பாட்டில்.

மேசை மேல் அக்ரிலிக் பெட்டி. இளஞ்செழியன் தானே அறுத்து, ஒட்டி, காற்றுத் துளை போட்டுச் செய்த பெட்டி. அதற்குப் பெயர் 'அரண்மனை'.

அரண்மனையின் மூடி திறந்திருந்தது!

உள்ளே டாரன்டுலா 'மகாராணி', எட்டுக் கால்களும் கூரையைப் பார்க்க, மல்லாந்து கிடந்தாள்.

ஒரே அறையில் இரண்டு உடல்கள்...!

"அப்பா!" சௌமியா பாய்ந்து போய்த் துண்டை எடுத்து எறிந்தாள். ஜன்னலைத் திறந்தாள். பெட்டிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இளஞ்செழியன் மட்டும் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

பெரியநாயகி அதைக் கவனித்தாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை... உள்ள வர மாட்டீங்களோ? காத்தால அவருகூட மல்லுக்கு நின்னீங்களே, அப்ப இருந்த வீரம் எங்கீங்க போச்சு?"

"அத்தை, அது வந்துங்க..."

"இந்தச் சனியன எறியலீன்னா புள்ளையக் கூட்டிட்டுப் போயிருவேன்னு அவரு சொன்னாரு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? 'அதுக்கு முன்னால உங்கள அனுப்பி வெக்கிறேன்'னு சொன்னீங்களா இல்லையா?"

"திருச்செங்கோட்டு பஸ்ஸுக்குங்க!"

ஆம்புலன்ஸ் வந்தது. செங்கோட்டையனோடு மகளும் மனைவியும் ஏறினார்கள். ஆம்புலன்ஸ்காரர் துண்டை முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். போனை எடுத்தார்.

போலீஸ் ஜீப்பும் வந்தது. முகப்பில் வாழைக்கன்று, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்தில் நசுங்கிய பூசணிக்காய்.

இறங்கியவர் இன்ஸ்பெக்டர் கோகிலவாணி. பண்டிகையன்று வேலை பார்க்க நேர்ந்த கோபம் முகத்தில் இருந்தது.

துண்டை ஒரு முறை முகர்ந்தார். உடனே தள்ளிப் பிடித்தார்.

"குளோரோஃபார்ம்!"

"அக்ரிலிக் ஒட்டுறதுக்குங்க மேடம்! நேம் போர்டு செய்யற கடைக்காரங்க எல்லாம் இதைத்தான் ஊத்துவாங்க. ஷீட்டு ஷீட்டோட அப்படியே உருகி ஒட்டிக்கும்..." வாசற்படியிலிருந்தே சொன்னான் இளஞ்செழியன்.

"வாங்கினது நீங்க?"

"ஆமாங்க."

"எதுல வெச்சிருந்தீங்க?"

"அதுங்க... தொழில் ரகசியமுங்க மேடம்."

"கொலை பண்றவன் எல்லாம் இதையேதான்யா சொல்றான்!"

"கொலையா...? மாமா உசுரோடதானுங்க இருக்காரு?"

"இது வரைக்கும் இருக்காரு. கண்ணு முழிக்கல." இன்ஸ்பெக்டர் பெட்டியைச் சுற்றி வந்தார். "காத்துத் துளை ஒவ்வொண்ணையும் சந்தனம் வெச்சு அடைச்சிருக்கு. நடுவுல குங்குமம் வேற! மாமனாருக்கு மயக்க மருந்து, சிலந்திக்கு மூச்சுத் திணறல். சாட்சியையும் சேர்த்துத் தீர்த்துட்டீங்க."

"மகாராணி என் உசுருங்க மேடம்!"

கோகிலவாணி தன் செல்போனை நீட்டினார். அதில் முரசு முழங்கியது. இளஞ்செழியனின் குரல் கர்ஜித்தது.

'இந்த மூடியின் சூட்சுமம் என் விரல்களுக்கு மட்டுமே தெரியும்! உலகில் வேறு எவராலும் திறக்க முடியாது!'

திரையில் கையுறை போட்ட ஒரு கை, மூடியைத் திறந்து சிலந்தியைப் பூப்போல அள்ளியது.

"இது யாரு கை?"

இளஞ்செழியன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"மூடியத் திறந்தவன்தான் குற்றவாளி. உங்க கைன்னா கிளம்புங்க. இல்லைன்னா யாரு கைன்னு சொல்லுங்க."

இளஞ்செழியனுக்கு வியர்த்தது. நெற்றியில், கழுத்தில், சொல்லக் கூடாத இடங்களில்.

உண்மையைச் சொன்னால் வீட்டில் இருக்கலாம். சொல்லாவிட்டால் மத்திய சிறையில் இருக்கலாம்.

யோசித்தான்.

"...என் கைதானுங்க மேடம்."

அப்போது அவன் போன் அலறியது!

சௌமியா!

"ஏனுங்க... அப்பா இன்னும் முழிக்கலீங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. போலீசுகிட்ட உண்மையச் சொல்லிட்டீங்களா?"

"சௌமி, மெதுவாப் பேசு..."

"பொட்டி மூடி தொறந்து கெடந்துச்சுன்னு அம்மா சொன்னாங்க. அதத் தொறந்தது நீங்க இல்லீன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க!"

"சொன்னா சேனல் போயிரும் சௌமி! ஜெயிலுக்குப் போனாலும் நான் மானத்தோட போறேன்!"

மறுமுனையில் ஒரு விசும்பல்.

"அம்மா என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. இதச் செஞ்சது நீங்கதான்னா, நான் இனி அந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு. நீங்க மானத்தோட உள்ள இருங்க. நான் திருச்செங்கோட்டுல இருந்துக்கறேன்."

போன் வைக்கப்பட்டது.

இளஞ்செழியன் சுவரைப் பிடித்துக்கொண்டான். வாழைக்கன்று கட்டிய ஜீப்பில் தான் ஏறுவது தெரிந்தது. காலி வீட்டுக்குத் திரும்பி வருவதும் தெரிந்தது. இரண்டாவதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"மேடம்... அது என் கை இல்லீங்க. சௌமியா கைங்க. இரை போடுறது, கழுவுறது, தூக்குறது எல்லாம் அவதானுங்க. நான் பொட்டி மட்டும்தான் செய்வேன். பின்னாடி நின்னு பேசுவேன்."

"ஏன்?"

"எனக்கு... சிலந்தின்னா பயமுங்க."

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நானும் எத்தனையோ பேரை விசாரிச்சிருக்கேன். சம்பவம் நடந்தப்போ ஊர்ல இல்லைன்னு சொல்வான், சினிமா பாத்தேன்னு சொல்வான். பயந்தாங்கொள்ளின்னு சொல்லித் தப்பிக்கப் பாக்குற முதல் ஆளு நீங்கதான்."

"சத்தியமுங்க! மூடி தொறந்து கெடந்துச்சு, அதனாலதானுங்க நான் வாசப்படியத் தாண்டவே இல்ல!"

கோகிலவாணி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

"எத்தனை சிலந்தி வளக்குறீங்க?"

"ஒண்ணுதானுங்க."

"உள்ள ரெண்டு இருக்கு!"

"ரெண்டா...?!" இளஞ்செழியனின் குரல் கீச்சிட்டது. "யாரோ இன்னொண்ண உள்ள விட்டிருக்காங்க மேடம்! இது பெரிய சதிங்க!"

சிலந்தி மன்னனின் ஆராய்ச்சி முடிவு அவ்வளவுதான்.

"பயம் நிஜமா நடிப்பான்னு இப்பப் பாத்துரலாம்." இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த நீளமான இடுக்கியை எடுத்தார். இரண்டில் அசையாமல் கிடந்ததைக் கவ்வித் தூக்கினார். எட்டுக் கால், கறுப்பு முடி, உள்ளங்கை அகலம்!

வாசற்படியை நோக்கி வந்தார்.

"தொடுங்க."

"வேண்டாமுங்க..."

"ஒரு விரலால."

"மேடம், கிட்ட வராதீங்... அம்மா...!"

தடால்!

அதே நேரம் போன் மீண்டும் அலறியது. இன்ஸ்பெக்டர் குனிந்து, விழுந்தவன் கையிலிருந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, அப்பா முழிச்சிட்டாருங்க!"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். அவர்கிட்ட குடுங்க. ஐயா, உங்களை மயக்கினது யாரு?"

"யாருமே இல்லீங்கம்மா!" செங்கோட்டையனின் குரல் தளர்ந்து வந்தது. "ஆயுத பூசையாச்சேன்னு மாப்பிள்ளை சாமானுக்கெல்லாம் பொட்டு வெச்சேனுங்க. டிரில்லுக்கு வெச்சேன், ரம்பத்துக்கு வெச்சேன். அந்தப் பொட்டியில வரிசையா ஓட்டை இருந்துச்சு. பொட்டு வெக்கத்தான் போட்டிருக்காராட்டம்னு ஒண்ணுவிடாம அப்பிட்டேன். உள்ள பாத்தா பூச்சி மல்லாந்துருச்சு! எம்புள்ள ஆசையா வளக்குறத மூச்ச அடைச்சுக் கொன்னுபோட்டனேன்னு பதறி மூடியத் தொறந்தேனுங்க."

"உலகத்துல வேற யாராலயும் திறக்க முடியாத மூடியையா?"

"மூடியிலயா? ரெண்டு காந்தந்தானுங்க இருந்துச்சு. பயத்துல எனக்கே கிறுகிறுன்னு வந்துருச்சு. அலமாரியில பன்னீர் பாட்டில் இருந்துச்சு. துண்டுல ஊத்தி மூஞ்சிய நல்லா அழுத்தித் தொடச்சேன். அம்புட்டுத்தான் ஞாபகம்."

இன்ஸ்பெக்டர் மேசைக்கடியிலிருந்த பன்னீர் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். அவருக்கே தலை சுற்றியது.

போனில் சௌமியா சொன்னாள். "பசை ரகசியத்த யாரும் காப்பி அடிச்சிரக் கூடாதுன்னு அவருதாங்க மேடம், எங்க கல்யாணத்துக்கு வாங்கின கண்ணாடிப் பன்னீர் பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தாரு. அம்மாவும் சத்தியத்த வாபஸ் வாங்கிட்டாங்க. அவர்கிட்டச் சொல்லுங்க, சாயங்காலம் ஊட்டுக்கு வாரேன்னு."

"சொல்றேன். இப்போதைக்கு மயங்கிக் கிடக்காரு."

"ஐயையோ! மாப்பிள்ளை மூஞ்சில தண்ணி தெளிங்கம்மா!" செங்கோட்டையன் பதறினார். "பன்னீர் மட்டும் வேண்டாமுங்க!"

"மேடம், சிலந்தியத் தொட்டுறாதீங்க," என்றாள் சௌமியா. "மல்லாந்து படுத்தா அது தோல் உரிக்குதுன்னு அர்த்தமுங்க. உடம்பு இப்ப மெத்துன்னு இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு கெடக்குமே, அது கழட்டிப் போட்ட தோலு. உள்ள ஒண்ணுமே இருக்காது."

கோகிலவாணி இடுக்கியைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஜன்னல் காற்றில் அது லேசாக ஆடியது.

மாவீரன் மயங்கி விழுந்தது வெறும் தோலைப் பார்த்து.