ஒரு தடவை மட்டும் கூப்பிட்டது

தர்ஷினி என்ற பெயருக்கு யாரும் மெயில் அனுப்பியிருக்க முடியாது. அந்தப் பெயரில் ஒரு பெட்டி இருப்பது ராதிகாவையும் அவள் மகளையும் தவிர யாருக்கும் தெரியாது. அன்று காலை பத்து மணிக்குத்தான் ராதிகா அதை உண்டாக்கியிருந்தாள். ஆனால் மத்தியானம் இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு, கறுப்புத் திரையில் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் பதிவில் ஒரு வரி இருந்தது. வெள்ளிமலை விடுதியின் முகவரியில் இருக்கும் தர்ஷினியைத் தேடி எங்கிருந்தோ ஒரு மெயில் வந்திருக்கிறது. முன்பின் தெரியாத யார் வந்தாலும் புது சர்வர் சொல்லும் பதிலை அதற்கும் சொல்லியிருந்தது: இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா. வந்தது போய்விட்டது. திரும்ப வரவில்லை.

ஏதோ குப்பை என்று நினைத்துக்கொண்டு ராதிகா ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஊர் முடிந்து கரும்பு ஆரம்பிக்கிற இடத்தில் அவள் வீடு. பின்னறையில் இரும்பு மேசை மேல் அந்த மெஷின். அவளுடைய பிழைப்பே அதில்தான் ஓடியது. மலைமேல் வெள்ளிமலையில் ஒரு விடுதி, கீழே கோமுகி அணைப் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணை, கச்சிராயபாளையத்தில் ஓர் அரிசி ஆலை, ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபம், தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம், கடைசியாக அவளுடைய சொந்தப் பெயரில் ஒன்று. ஆக ஆறு டொமைன், ஆறு இணைய முகவரி. ஆறின் இணையதளமும் மெயிலும் இந்த ஒரே பெட்டிக்குள். பெரிய கம்பெனிக்குப் போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது, ராதிகா எடுப்பாள் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே விளம்பரம். பழைய மெஷின் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று கிடந்ததால், புதியதில் லினக்ஸ் போட்டு இன்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை. கலெக்டர் பள்ளிகளுக்கு லீவு விட்டிருந்தார். விட்டிருக்காவிட்டாலும் தர்ஷினி போயிருக்க முடியாது. எட்டு வயதுக் குழந்தைக்கு நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். முன்னறைக் கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அவள் அப்பா காசிநாதனுக்கு உளுந்தூர்பேட்டையில் லாரி சாமான் கடையில் வேலை. எட்டு மணிக்கு முன் வரமாட்டான்.

காலையில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தபோது தர்ஷினி எழுந்து வந்து அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, என் பேரு போட்டுக்கினு இருக்க?"

"டெஸ்ட்டுடி. ஆறு எடத்துலயும் உன் பேர்ல ஒரு பொட்டி வச்சிருக்கேன். யாருனா மெயில் போட்டா தானா பதில் போவும். இன்னா பதில் போடலாம், நீயே சொல்லு."

தர்ஷினி நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "'இதோ வரேன்'னு போடும்மா."

ராதிகா சிரித்துக்கொண்டே அப்படியே போட்டாள். தர்ஷினி அப்படிச் சொல்லிவிட்டு ஒருநாளும் உடனே எழுந்து வந்ததில்லை, அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பொய் கிடையாது.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு இரண்டாவது வரி வந்தது. இந்தத் தடவை நாற்றுப் பண்ணையின் முகவரியில். அதே பெயர். சர்வர் அதே பதிலைச் சொன்னது. அதுவும் திரும்பவில்லை.

இந்த 'அப்புறம் வா'வுக்குத் தொழிலில் கிரேலிஸ்டிங் என்று பெயர். குப்பை மெயில் அனுப்புகிறவனுக்குப் பொறுமை கிடையாது, ஒரு தடவை தட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். நிஜமாக வேலை இருக்கிறவன் பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப வருவான். காசிநாதனுக்கு இதை விளக்கியபோது அவன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "வாசல்ல யாருனா பேர் சொல்லிக் கூப்ட்டா மூணாவது தபாதான் ஏன்னு கேக்கணும், அதான? இதுக்குப் போயி இங்கிலீஷ்ல ஒரு பேரா?" என்றான். அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறதுதான். காட்டிலிருந்து வரும் பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடும். தெரிந்தவர் குரலிலேயே கூப்பிடும். மறுபடியும் கூப்பிடுவது மனிதர்தான்.

தர்ஷினி அதைச் சட்டமாகவே பிடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் மூன்று தடவை, குளிக்கக் கூப்பிட்டாலும் மூன்று தடவை. அடுத்த அறையில் இருக்கும் பெற்ற தாய்க்கே இந்தக் கதி. ஒருநாள் முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தாயிற்று, அவள் மாறவில்லை.

ராதிகா எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அடுப்புக்கல்லாகச் சுட்டது. மாத்திரை கொடுத்து, போர்வையை இழுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போனவள் ஒரு நிமிஷம் நின்றாள். காற்று மலைப் பக்கத்திலிருந்து வந்தது. மழை வாசனையோடு இன்னொன்றும் இருந்தது, காட்டுக்குள் வருஷக்கணக்காகக் கிளறாமல் கிடந்த இலைக்குப்பையைக் காலால் புரட்டினால் வருமே, அந்த மக்கல் வாசனை. இவ்வளவு தூரத்துக்கு அது வராது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்னறைக்கு வந்தாள்.

திரையில் இன்னொரு வரி. மூன்று இருபத்தைந்து. அரிசி ஆலை.

எவனோ டொமைன்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் புரோகிராம் ஓட்டுகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படியானால் அகரவரிசையில் வரவேண்டும். டொமைன்களின் பெயர்களை மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அகரவரிசை இல்லை. பதிந்த தேதி வரிசையும் இல்லை. அனுப்பிய இடத்தின் இன்டர்நெட் எண்ணைப் பார்க்கலாம் என்றால், எந்தப் பட்டியலிலும் இல்லாத எண்ணாக இருந்தது. வெளியே கரும்புக்குள் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த தவளைகளின் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷினின் காற்றாடி மட்டும் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது.

மூன்று நாற்பது. கல்யாண மண்டபம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வெள்ளிமலை, கோமுகி, கச்சிராயபாளையம், மண்டபம். மலையிலிருந்து பஸ் இறங்கி வருகிற வழி. நேரமும் பஸ் வருகிற நேரம்தான். சீச்சீ, படித்தவள் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்தது பள்ளிக்கூடம், தெருமுனை. அதற்கடுத்தது இந்த வீடு.

மூன்று நாற்பத்தெட்டு. பள்ளிக்கூடம். தர்ஷினி. அப்புறம் வா.

போன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. பள்ளிக்கூடத்து ஆபீஸில் லீவிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த தங்கமணி அக்கா.

"ராதிகா, இன்னாம்மா இது? பத்தாவது புள்ளைங்க பேரெல்லாம் அஞ்சு மணிக்குள்ள பரீச்ச சைட்டுல ஏத்தணும். மெயிலுக்கு ஒரு நம்பர் அனுப்புது, பத்து நிமிஷத்துல அடிக்கணும்னுது. உன் மெஷினு கால் மணி நேரம் கழிச்சிதான் குடுக்குது. மூணு தபா ஆச்சு."

"புது மெஷினு இல்லக்கா, தெரியாத எடத்துலேர்ந்து வந்தா மொதல்ல திருப்பி அனுப்பும். ரெண்டாவது தபா வந்தாதான் உள்ள வுடும்."

"ஒவ்வொரு தபாவும் வேற வேற எடத்துலேர்ந்து வருதுன்னு சைட்டுக்காரங்க சொல்றாங்க. நீ அத்த எடுத்துடேன். நூத்திப்பத்து புள்ளைங்கம்மா. பேரு வுட்டுப்போச்சுன்னா என்னிய கிழிச்சிடுவாங்க."

"அக்கா, இப்ப வேணாங்க்கா…"

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அல்லது, அதைவிட மோசமாக, சிரிக்க மாட்டார்கள்.

"அஞ்சே நிமிஷம்தான் எடுப்பேன். ஒடனே அடிச்சிடுங்க."

சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அதன் முன்னால் ஒரு குறி போட்டால் சர்வர் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். விரல் அந்தக் குறியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழுத்தினாள். மெயில் சர்வீஸை நிறுத்தி ஓட்டினாள். இனி யார் வந்தாலும் முதல் தடவையே கதவு திறக்கும்.

நாலு மணி. பள்ளிக்கூடத்துக்கு அந்த நம்பர் வந்தது. ஒரு நொடி தாமதமில்லை. போனில் தங்கமணி அக்கா, "வந்துட்ச்சி, வந்துட்ச்சி, நீ நல்லாருக்கணும்" என்றாள். ராதிகாவுக்கு அழுகை வரும்போல ஒரு நிம்மதி. போனை வைத்துவிட்டு அந்தக் கோப்பைத் திரும்பத் திறந்தாள். குறியை எடுத்தாள். சேமித்தாள். சர்வீஸை மறுபடி ஓட்டவேண்டியதுதான் பாக்கி.

திரையில் ஒரு வரி.

அவளுடைய டொமைன். தர்ஷினி. வாங்கிக்கொள்ளப்பட்டது.

அனுப்பிய இடத்தின் எண்ணைப் பார்த்தாள். சொந்தப் போன் நம்பரைப்போல மனப்பாடமான எண். இந்த வீட்டு இன்டர்நெட்டின் எண்.

அதற்குக் கீழே அடுத்த வரி. பதில் அனுப்பப்பட்டது.

அதே நேரம் முன்னறையிலிருந்து, தூக்கக் கலக்கத்தில், காய்ச்சலில் வறண்ட குரலில் தர்ஷினி சொன்னாள்:

"இதோ வரேன்."

கரன்ட் போனது. யு.பி.எஸ். கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அந்தக் கத்தலுக்கு அடியில், வாசல் கேட்டின் கொண்டி விழும் சத்தம். இரும்பில் இரும்பு. ஒரு தடவை.

ராதிகா எழுந்தாள். முட்டி மேசையில் இடித்தது. நடை இருட்டு. கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"தர்ஷினி!"

"இன்னாம்மா?"

பதில் உடனே வந்தது. கட்டிலிலிருந்துதான். சாமி, என் தெய்வமே என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாத்திய ஜன்னலின் விளிம்பில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். கட்டிலில் போர்வை, போர்வைக்குள் குழந்தை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைத்தாள்.

சில்லென்றிருந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தாள். ஒரு மூச்சு நேரம் அப்படித்தான் நினைத்தாள். அப்புறம் வாசனை வந்தது. இலை மக்கிய வாசனை. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தைப் பார்த்தாள். கணுக்கால் வரை ஈரச் செம்மண்.

முதல் தடவை கூப்பிட்டதற்கே பதில் சொல்லியிருக்கிறது.

அவளால் கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியும் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

வெளியே, கேட்டுக்கு அப்பால், கரும்புப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அம்மா."

ராதிகா வாயைத் திறந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் ஈரமாக இருந்தன. பிடி குழந்தைப் பிடி இல்லை. அது இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேசாதம்மா" என்றது, தர்ஷினியின் குரலில், தர்ஷினி சட்டம் பேசுகிற அதே கண்டிப்போடு. "மூணாவது தபா கூப்டட்டும்."

மழை. யு.பி.எஸ். கத்தல்.

"அம்மா, எங்க இருக்க?"

இரண்டு.

எழப் பார்த்தாள். முடியவில்லை. பிடி இறுகியது. எலும்பு நெரிந்தது. கத்த வேண்டும். இங்கே இருக்கேன், ஓடி வந்துடு என்று கத்த வேண்டும். இன்னொரு கை வந்தது. அவள் வாயைப் பொத்தியது. உள்ளங்கையில் மண். பல்லில் மண்.

"அம்மா! பயமா இருக்கும்மா! இன்னாத்துக்குக் கூப்ட்ட? நீ எங்கம்மா இருக்க?"

மூன்று.

கட்டிலில் இருந்தது மெல்ல இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது. ராதிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெளியே குழந்தை அழுதுகொண்டே நான்காவது தடவையும் கூப்பிட்டது, அந்தக் குரல் கரும்புக்குள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.