வானம்பாடிக்கு வேண்டிய தூக்கம்

‘மூன்று ஆண்டுகளாக நீங்கள் நேரில் வந்து ஆடு மேய்க்கவில்லை. ஏழு நாள்களுக்குள் காரணம் கூறவும்.’

கோவை வான்குடியிருப்பின் அறுபத்திரண்டாம் மாடியில் தங்கமுத்து பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, கண்ணாடியில் இந்த அறிவிப்பு ஒளிர்ந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி படுக்கப் போனான்.

மண்ணை இயற்கைக்கே விட்டுவிடுகிறோம் என்று பெருமையடித்துக்கொண்டு மனிதர்கள் மாடியேறி நூறு ஆண்டுகள் ஆகின்றன. நன்றாக விட்டார்கள்! வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களான காங்கயத்துக் கொறங்காடுகளில் ஆடு மேயாமல் சீமைக்கருவேலம் மண்டியது. திறந்த புல்வெளியில் கூடு கட்டும் வானம்பாடி போன இடம் தெரியவில்லை. பிறகுதான் மேய்ச்சல் கடமைச் சட்டம் வந்தது. ஆளுக்கு ஆண்டில் மூன்று மாதம். போக மனமில்லாதவர்கள் ‘பதிலி’ என்னும் இயந்திர ஆளை அனுப்பலாம்; மூன்று ஆண்டு தொடர்ந்து அனுப்பினால் மட்டும் காரணம் சொல்ல வேண்டும். யாருக்குமே மனமில்லை.

கடைசியாக நான்கு ஜோடி வானம்பாடிகள் எஞ்சியிருந்த கொறங்காட்டுக்கு மயிலாத்தாள் மேற்பார்வையாளர். அவன் பதிலியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவளே தங்கமுத்துவை அழைத்தாள்.

“ஏனுங்க மேடம், என்ற பதிலி ஒழுங்காத்தானுங்க மேய்க்குது?”

“அதுதானுங்க தொல்லையே! ஆட்டை வரிசை கட்டி, ஒரு சாண் விடாம மொட்டையடிக்குது. ஆளு மேய்ச்சா வேலமரத்தடியில தூங்குவாரு. ஆடு அங்கொண்ணும் இங்கொண்ணுமாக் கடிக்கும். நடுவால புல்லுத்தூரு நிக்கும். அதுக்கடியிலதான் குருவி முட்டை வெக்கும். தூங்கறதுக்காச்சும் வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“ஒரே ஒரு நாள் வாரனுங்க. பதிலி பாத்துக் கத்துக்கட்டும்.”

தலையில் அடித்துக்கொண்டு சம்மதித்தாள். அவன் வந்த அன்று பதிலியிடம், “இவரு செய்யறதையெல்லாம் அப்படியே செய்யணும்” என்று கட்டளையிட்டாள். தங்கமுத்து வெயிலைத் திட்டினான், இரண்டு முறை டீ குடித்தான், மூன்று மணி நேரம் குறட்டை விட்டான். பதிலி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த மாதமே பதிலி வேலமரத்தடியில் அருமையாகத் தூங்கியது. கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நின்றது. நான்கு கூடுகள், கூட்டுக்கு மூன்று முட்டைகள். மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. குஞ்சு பொரிக்கப் பன்னிரண்டு நாள் போதும்.

ஐந்தாம் நாள் காலையில் கிளுவை வேலியைத் தாண்டி உள்ளே போனவள் அலறிவிட்டாள். ஆடுகள் வரிசையாக நின்று நிலத்தை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. இரண்டு கூடுகள் குளம்படியில் நசுங்கிக் கிடந்தன. வரிசைக்குப் பின்னால் பளபளவென்று ஒரு புது இயந்திரம் நின்றது.

“யாரு நீ?”

“பதிலி என்னை அனுப்பியிருக்கிறது. பணி ஒழுங்காக நடக்கிறது.”

அதன் பொத்தானை ஒரு குத்துக் குத்தி அணைத்தாள். முள் கிழிக்கக் கிழிக்க ஓடி, ஆடுகளைத் தானே விரட்டினாள். மீதி இரண்டு கூடுகளுக்கு முன்னால் மூச்சிரைக்க நின்றுகொண்டு பழைய பதிலியை அழைத்தாள். அது அறுபத்திரண்டாம் மாடியில், தங்கமுத்துவின் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது.

“கூடு போச்சு, பாவி! உன்ன என்ன செய்யச் சொன்னேன்?”

“அவரு செய்யறதையெல்லாம் அப்படியே செய்யச் சொன்னீங்க” என்று கொட்டாவி விட்டது பதிலி. “ஏனுங்க மேடம், என்ற பதிலி ஒழுங்காத்தானுங்க மேய்க்குது?”