பன்னிரண்டு ஸ்டூலும் ஐந்து விரலும்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை நானே சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பென்சில் காணாமல் போனால், தொலைத்தவளுக்கு முன்னால் நான் தேடத் தொடங்கிவிடுவேன். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, யாரோ வேண்டுமென்றே தீயைக் கூட்டியிருக்கிறார்கள் என்பேன். "அனுசியா, நீ போலீஸுக்குத்தான் லாயக்கு" என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

அப்பா உக்கிரபாண்டிக்கு இராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை. கட்டில், மேசை, கேட் எல்லாம் செய்வார். செய்ததும் பெயின்ட் அடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் காபிக் கடை திறக்கப்போகிற ஒருவர் வந்து, பன்னிரண்டு ஸ்டூல் கேட்டார். பெயின்ட் கூடாதாம். இரும்பு இரும்பாகவே பளபளக்க வேண்டுமாம். அதற்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற கிளியர் கோட்டு அடிக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் என்று தளவாய்புரத்திலிருந்து சோணைமுத்து அண்ணனை அப்பா சேர்த்துக்கொண்டார். அவர் தன் மகளையும் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். தினமும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வருவாள்.

ஸ்டூல்கள் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னின. கோட்டு அடித்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை, வந்தது வினை. ஒவ்வொரு ஸ்டூலின் விளிம்பிலும் ஐந்து துருப் புள்ளிகள். பார்த்தவுடன் தெரிந்தது, விரல் நுனிகள்! துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், வழுவழுவென்று இருந்தது. துரு கோட்டுக்கு அடியில் இருந்தது.

கோட்டு அடிக்கும் முன்பு வெறும் இரும்பை வேர்த்த கையால் தொட்டால் இப்படித்தான் வரும் என்று சோணைமுத்து அண்ணனே சொன்னார். அது அவருக்கே வினையாகிவிட்டது.

"தொடுதது நீதானப்பா. நீ வந்த பொறவுதான இது வருது?" என்றார் அப்பா.

"நான் கிளவுஸ் போட்டுத்தான் தொடுதேன் அண்ணாச்சி."

அப்பா நம்பவில்லை. எல்லா ஸ்டூலிலும் கோட்டை உரித்துச் சரிசெய்துவிட்டு, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

எனக்கும் அண்ணன் மேல்தான் சந்தேகம். பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய், அட்டைப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்தேன். தின்னர் ஊற்றிக் கோட்டைக் கரைத்தார். எமரித் தாளால் துருவைத் தேய்த்தார். மூக்கு அரித்தபோதுகூடத் தோளில்தான் தேய்த்துக்கொண்டார். கிளவுஸ் கழலவே இல்லை. அப்படியானால் வேறு யார்? அந்தச் சின்னவள் பள்ளியை விட்டுப் போகப்போகிறாள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை நாலு தகட்டுத் துண்டுகளைப் பளபளவென்று தேய்த்துத் துடைத்துத் தரும்படி வெல்டர் பால்சாமி மாமாவிடம் கேட்டேன். பின்பக்கம் சாக்பீஸால் பெயர் எழுதினேன். அப்பா, பால்சாமி மாமா, சோணைமுத்து அண்ணன், நான். ஆளுக்கு ஒரு தகட்டில் வெறுங்கையால் ஐந்து விரலையும் பதிக்க வேண்டும். "போலீஸ் வந்தாச்சு" என்று சிரித்துக்கொண்டே அப்பாவும் பதித்தார். தகடுகளை அலமாரி மேல் வைத்தேன்.

சனிக்கிழமை எடுத்துப் பார்த்தேன். என் தகடு சுத்தமாக இருந்தது. மற்ற இரண்டில் லேசான மங்கல். அப்பாவின் தகட்டில் மட்டும் ஐந்து சிவப்புப் புள்ளிகள்!

ஆட்கள் முன்னால் அப்பாவை மாட்டிவிட மனம் வரவில்லை. அவரை வெளியே அழைத்துத் தகட்டைக் காட்டினேன். சிலருடைய வேர்வை பட்டால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்போல என்றேன்.

"இருக்கட்டும்ட்டி. ஆனா நான் எப்ப ஸ்டூலத் தொட்டேன்?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அண்ணன், ஸ்டூல் கோட்டு அடிக்கத் தயார் என்று குரல் கொடுத்தார். அப்பா போனார். சுற்றிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல ஐந்து விரலால் முதல் ஸ்டூலின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒற்றிய கை அப்படியே நின்றது.

எந்தப் பொருளைச் செய்து முடித்தாலும், பெயின்டுக்கு அனுப்பும் முன்பு அப்பா அப்படித்தான் தொட்டுக் கும்பிடுவார். இத்தனை வருடமும் அந்த விரல்களைப் பெயின்ட் மூடிவிட்டது. கிளியர் கோட்டு மூடவில்லை. அண்ணனும் கிளியர் கோட்டும் ஒரே மாதத்தில் வந்தது காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. நானும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாவைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

அப்பா அண்ணனிடம் போனார்.

"சோணை, தப்பு என் கையிலதான் இருந்திருக்கு. உன்னப் போகச் சொன்னது பெரிய தப்பு. நீ எங்கயும் போக வேண்டாம்ப்பா."

அண்ணன் முகத்தைத் திருப்பித் தோளில் துடைத்துக்கொண்டார். இந்த முறை மூக்கு அரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"கும்புடுதத விட்றாதீக அண்ணாச்சி. கோட்டு காஞ்ச பொறவு தொட்டுக் கும்புடுங்க" என்று சொல்லி, அப்பா தொட்ட இடத்தைத் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தார்.

பன்னிரண்டு ஸ்டூலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயின. ஒரு வாரம் கழித்து நானே பஸ்ஸில் அம்மாவோடு போய், ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. கடைக்காரர்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

நான் வைத்த தகடுகளில் ஒன்று இப்போது பட்டறைச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ஐந்து சிவப்பு விரல்களோடு இருக்கும் அப்பாவின் தகடுதான். அவசரத்தில் மறந்து கோட்டுக்கு முன்னால் தொட்டுவிடாமல் இருக்க அவரே ஆணி அடித்து மாட்டினார். துரு பரவி விரல்கள் அழிந்துவிடக் கூடாதே என்று, அதன் மேல் சோணைமுத்து அண்ணன் அருமையாகக் கிளியர் கோட்டு அடித்துக் கொடுத்தார்.