ஒன்றையாவது விட்டு வை

அடைக்காத ஓட்டைகள் அடைபட்டிருந்தன.

புதன்கிழமை காலை ஏழரை மணி. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய மாதவன், குளியலறையில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். ஹீட்டர் மாட்டுவதற்கென்று போட்டு இரண்டு வருடமாகச் சும்மா கிடந்த நான்கு துளைகளும் வெள்ளையாக, வழவழவென்று மூடியிருந்தன.

மாதவன் போச்சம்பள்ளி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்து, மத்தூர் ரோட்டில் வீடு கட்டிக் குடியேறிய நாளிலிருந்து கொத்தனாரையோ பிளம்பரையோ அவன் படியேற விட்டதில்லை. ஓட்டையைக் கண்டால் போதும், மகராசனுக்குக் கை துறுதுறுக்கும். போன சனிக்கிழமைகூட, படுக்கையறையில் பழைய கேபிள் ஒயர் போன துவாரத்தின் வழியே பனிக்காற்று வருகிறது என்று எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி பொற்கொடி சொன்னாள். உடனே கம்பியால் தூசியைச் சுரண்டி, உள்ளே தண்ணீர் தெளித்து, வெள்ளை சிமெண்டை இட்லி மாவுப் பதத்தில் குழைத்து, பட்டித் தகட்டால் அழுத்தி அடைத்துவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு நஞ்சம்மாதான் பதறிப்போனாள்.

"புள்ளத்தாச்சி இருக்கிற ஊட்ல ஓட்டை அடைக்கக் கூடாதுப்பா. அப்பன் செய்யறத உள்ள இருக்கிறது பாத்துகினே இருக்கும்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. குளிரு அவளுக்குத் தாங்க மாட்டேங்குது."

"சொன்னா கேளு. ஒன்னையாவது உட்டு வை."

அவன் சிரித்துவிட்டான். இப்போது குளியலறையில் நின்றபோது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"கொடி, பாத்ரூம்ல ஓட்டைய நீயா அடைச்ச?"

"நல்லா கேட்டீங்க! குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, நான் எங்கிட்டு அடைக்க?" சமையலறையிலிருந்து அவள் குரலோடு வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்களும் கலகலத்தன. ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வந்து பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டிப் போவதாக இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் இருந்த சிமெண்ட் டப்பாவைத் திறந்து பார்த்தான். மீதமிருந்தது கல்லாக இறுகியிருந்தது. திரும்பி வந்து ஒரு துளையை நகத்தால் சுரண்டினான். மெத்தென்று இருந்தது. முகர்ந்தான். சிமெண்ட் வாடை இல்லை, சீம்பால் வாடை அடித்தது. பூச்சின் நடுவே யாரோ கட்டைவிரலால் அழுத்திவிட்ட பள்ளம். தன் சுண்டுவிரல் நுனியை அதில் வைத்துப் பார்த்தான், நுழையவில்லை. கொண்டைக்கடலை அளவுதான் இருந்தது அது.

வியாழக்கிழமை வென்டிலேட்டரின் சல்லடைக் கண்கள் அடைபட்டன. வாஷ்பேசின் ஓட்டை, பிளக் பாயிண்ட்டின் மூன்று துளைகள், வாசல் கதவின் சாவித்துவாரம். எல்லாவற்றிலும் அதே பள்ளம். ரோட்டில் போகும் லாரிச் சத்தம் குறைந்தது, நஞ்சம்மா வீட்டு ரேடியோ குறைந்தது, சிப்காட் சங்கு ஊதியதே காதில் விழவில்லை. மார்கழிப் பனி வெளியே கொட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் மட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் சீம்பால் வாடையும் கூடிக்கொண்டே போயின. மாதவன் வேலைக்குப் போகவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகல், தான் சனிக்கிழமை அடைத்த துவாரத்தையாவது திறந்து விடுவோம் என்று உளியால் தட்டினான். மேலே இருந்த அவனுடைய சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின்னால் அந்த மெத்தென்ற வெள்ளை. கம்பியை உள்ளே விட்டான். ஒன்பது அங்குலச் சுவர் அது. ஒன்றரை அடிக் கம்பி முழுவதும் போயும் வெளியே வரவில்லை.

கம்பியைப் போட்டுவிட்டு அவளை உலுக்கினான்.

"கொடி, எந்திரி. இப்பவே ஊருக்குப் போவோம்."

இரண்டு நாளாக அவள் தூங்கிக்கொண்டேதான் இருந்தாள். கண்ணைத் திறக்காமல் வயிற்றைத் தடவினாள். "எதுக்குங்க? கதகதன்னு நல்லா இருக்கு. இவன்கூட இப்பல்லாம் உதைக்கிறதே இல்ல. ஏதோ வேலையா இருக்கான்போல."

மாதவன் சட்டையைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடிக்க ஓடினான். போய்வரப் பத்து நிமிடம். அதற்கு மேல் ஆகவில்லை.

வாசல் கதவு அவன் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது. கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. படுக்கையறைக் கதவைத் தேடினான்.

கதவு இல்லை.

நிலை இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர். மேலிருந்து கீழ்வரை வழவழவென்று. ஈரம் காயவில்லை. அதில் நூற்றுக்கணக்கில் கொண்டைக்கடலைப் பள்ளங்கள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் மட்டும் ஒரு துவாரம் மிச்சம் இருந்தது.

"கொடி!"

எங்கோ தூரத்தில் வளையல் ஒலித்தது. "என்னங்க..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "வயிறு காலியா இருக்குங்க. இவன எங்கங்க?"

வெளியே ஓடிப் பார்த்தான், படுக்கையறை ஜன்னலும் வெள்ளையாக மூடியிருந்தது. திரும்பி வந்து சம்மட்டியை எடுத்தான். கீழே போட்டான். அவள் சுவரையொட்டி நின்றால்? ஆள்காட்டி விரலைத் துவாரத்துக்குள் விட்டான். எப்படியாவது பெயர்க்க வேண்டும். தோண்டினான். உள்ளே இன்னும் ஆழம்.

விரலை ஏதோ பற்றியது.

சின்னக் கை. ஐந்து விரல்களும் இருந்தன. பிறந்த குழந்தை பற்றுவதைப் போல இறுக்கமாகப் பற்றியது. வெதுவெதுப்பாக. ஒரு கணம் மாதவனுக்கு அழுகை வந்தது.

பிறகு அந்தக் கை அவன் விரலை மெதுவாக வெளியே தள்ளியது.

துவாரத்தில் வெள்ளை திரண்டு வந்து நிறைந்தது. உள்ளிருந்து ஒரு குட்டிக் கட்டைவிரல் அதை அழுத்தியது. ஓரங்களைத் தடவிச் சமன் செய்தது. அப்பன் செய்வதைப் போலவே, மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பில்.

வளையல் சத்தம் நின்றது.