கதவுக்கு வெளியே யார்?

எனக்குப் பொறாமை. அதை மறைத்து என்ன பயன்?

எங்கள் லண்டனில் பெண்கள் மேடை ஏறக் கூடாது; பெண் வேடமெல்லாம் பையன்கள்தான் போடுவோம். இந்த முறை ராணி நான்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கிடைத்ததோ ரேஃபுக்கு. குழுவில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ரேஃபுக்கு! அவன் குரல் இனிமையாம். என் குரல் மட்டும் என்ன, தகர டப்பாவா?

எங்களில் யாருக்கும் முழு நாடகத்தைத் தர மாட்டார்கள், போட்டிக் குழு திருடிவிடுமாம். அவரவர் பேச்சை மட்டும் தாள் சுருளில் எழுதித் தருவார்கள். ராணி தனியாக நின்று பேசுவது மட்டுமே நாற்பது வரி. ரேஃபின் சுருளை விரித்தால் தரையைத் தொடும். ராணியின் அக்காவான எனக்கு நான்கே வரி.

ஆட்டத்தன்று காலை, மேடைக்குப் பின்னால் ரேஃப் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

"திறந்தால் என் மணிமுடி போகும்! திறக்காவிட்டால் என் தூக்கம் போகும்!"

சுவரே அதிர்ந்தது.

"என்னடா, மாடு மேய்க்கிறியா?" என்றேன்.

"கதவுக்கு வெளியே எதிரி நிக்கிறான்டா பார்னபி. ராணி கத்த மாட்டாளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சுருளின் முதல் வரியே, 'தங்கையே, குளிருகிறது, கதவைத் திற' என்பதுதான். வெளியே நிற்பது எதிரி இல்லை, நான். மூத்தவளை விரட்டிவிட்டு இளையவள் ராணியாகியிருக்கிறாள் என்பதும் என் அடுத்த வரிகளில் இருந்தது. அது ரேஃபுக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவர் ஹாலிஸ் என்னைத் தனியே அழைத்தார்.

"இன்னிக்கு அவன் சொதப்பினா நாளைலேர்ந்து நீதான் ராணி. தயாரா இரு."

"சரிங்க ஐயா."

நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் கத்துவான், ஜனங்கள் ஆப்பிளை வீசுவார்கள், கிரீடம் என் தலைக்கு வரும்.

திரும்பி வந்தபோது ரேஃப் ரொட்டியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அர்த்தம் புரியாமலே கத்துறேன்டா. அது எனக்கே தெரியுது," என்றான்.

சொன்னால் ராணி வேடம் போகும். சொல்லாவிட்டால் இன்றிரவு நான் தூங்கின மாதிரிதான். சே, அந்த ராணி படும் பாடும் இதுதானே?

என் சுருளை அவன் மடியில் போட்டேன்.

"வெளியே நிக்கிறது அவளோட அக்காடா. ராணிக்குப் பயம் இல்ல, பொறாமை. திறக்கவும் மனசு இல்ல, விரட்டவும் மனசு இல்ல. யாருக்கும் கேட்கக் கூடாதுன்னு தனக்குள்ளயே பேசிக்கிறா. அதை எதுக்குக் கத்துற?"

ரேஃப் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்கு எப்படிடா இவ்வளவு தெரியும்?"

"எப்படியோ தெரியும். ரொட்டியைத் தின்னு."

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆட்டம் தொடங்க எக்காளம் முழங்கியது. மேடைக் கதவுக்குப் பின்னால் நான் காத்திருந்தேன். ரேஃப் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். ஜனங்கள் நின்று பார்க்கும் முற்றத்தில் கொட்டை உடைத்துத் தின்னும் சத்தம் குறைந்தது, பிறகு நின்றே போனது. அவன் நன்றாகத்தான் செய்தான். எனக்கு இன்னமும் பொறாமையாகத்தான் இருந்தது.

என் முறை வந்தது. கதவைத் தட்டி, "தங்கையே, குளிருகிறது, கதவைத் திற," என்றேன்.

முன்வரிசையில் நின்ற மீன்காரப் பெண்மணிக்குப் பொறுக்கவில்லை.

"திறந்து விடேன்டி, பாவம் அவ!"

முற்றம் முழுக்க "திற, திற" என்றது. ரேஃப் கதவைத் திறந்தான். இரண்டாயிரம் பேர் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மீதி மூன்று வரிகளை நான் அவசரமே படாமல் சொன்னேன்.