மைக் அணைந்திருந்தது

புது சவுண்ட்பாரிலிருந்து முதன்முதலில் வந்தது யாரோ கதவைத் தட்டும் சத்தம்.

பராசரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வாங்கோ, வாங்கோ, திறந்துதான் இருக்கு" என்றார். முகம் தெரிவதற்கு முன்பே வாங்கோ சொல்லிவிடுவது அந்த வீட்டுப் பழக்கம். கேபிள்காரரானாலும் சம்பந்தியானாலும் ஒரே வாங்கோதான். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. மானிட்டருக்குக் கீழே கிடந்த கறுப்பு ஸ்பீக்கர் பட்டையிலிருந்து வந்திருந்தது. திரையில் விளையாட்டு இன்னும் திறக்கவே இல்லை.

பெட்டிக்கு உபசாரம் செய்ததை நினைத்து அவருக்குச் சிரிப்புதான் வந்தது. மத்தியானம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டியிருந்தார். கேம் கன்சோலிலிருந்து மானிட்டருக்கு ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயர், மானிட்டரிலிருந்து சவுண்ட்பாருக்கு இன்னொன்று என்று மாட்டினால் படம் வந்தது, சத்தம் வரவில்லை. டிவி என்றால் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், மானிட்டருக்கு அந்த வித்தை தெரியாது என்று மகள் ஷ்ரேயா புனேயிலிருந்து ஃபோனில் சொன்னாள். கடைசியில் மானிட்டரின் முதுகில் ஹெட்ஃபோன் மாட்டும் ஓட்டையிலிருந்து சவுண்ட்பாருக்கு ஒரு சாதா ஒயரைச் செருகியதும்தான் அதற்கு உயிர் வந்தது.

இத்தனை பாடும் அவள் குரலுக்காகத்தான். மனைவி போன பிறகு அக்ரஹாரத்து மாடி வீட்டில் அவர் ஒருத்தர்தான். சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் பெண்ணும் அவரவர் ஊரிலிருந்து ஒரே விளையாட்டுக்குள் நுழைந்து, ஆற்றங்கரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். மீனைக் கையால் தொடாத வம்சம், திரையில் கூடை கூடையாகப் பிடித்தது. வாரம் முழுவதிலும் அவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசுவது அப்போதுதான். காது மந்தமாகிவிட்டதால் மானிட்டரின் சொத்தை ஸ்பீக்கரில் பாதி விழாமல், "ஆமாம்மா, ஆமாம்மா" என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். அவளுக்கு அலுத்துப்போய் அதுவும் நின்றுவிடுமோ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, கேக்கறதா?"

அறை முழுக்க அவள் குரல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நன்னா கேக்கறதும்மா!"

"ஆனா எனக்கு என் குரலே திரும்பி வரது. உங்க கன்ட்ரோலர் மைக் அதையும் பிடிச்சு அனுப்பறது. சித்த நாழி மைக்கை ஆஃப் பண்ணுங்கோ, செட்டிங்ல என்னன்னு பாக்கறேன்."

அழுத்தினார். மைக் அணைந்ததற்கு அடையாளமாகக் கையிலிருந்த கன்ட்ரோலரில் சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன, கோயில் பக்கமிருந்து கற்பூர வாசனை வந்தது, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் அடியில், சவுண்ட்பாரிலிருந்து, மிதியடியில் யாரோ நிதானமாக, இரண்டு காலையும் மாற்றி மாற்றித் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு வெறுங்கால் நடை. கூடத்தில் பெயர்ந்த தரைக்கல் ஒன்று உண்டு, மிதித்தால் டொக்கென்று ஆடும். சவுண்ட்பாரில் அது ஆடியது.

திரும்பிப் பார்த்தார். கூடத்தில் யாரும் இல்லை. ஈரக் கம்பளி நாற்றம் மட்டும் இருந்தது.

"இப்போ சரியாயிடுத்துப்பா, தெளிவா இருக்கு" என்றாள் ஷ்ரேயா.

அவர் வாயே திறக்கவில்லை.

"சாப்பிட்டாச்சு. நீங்கோ?" என்றாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

ஒரு இடைவெளி. பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு. பிறகு அவள் சிரித்தாள். அம்மா போனதிலிருந்து அவள் அப்படி வயிறு குலுங்கச் சிரித்து அவர் கேட்டதே இல்லை. அந்தப் பயத்திலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.

பொத்தானை அழுத்தினார். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினார். "ஷ்ரேயா! அது நான் இல்லைம்மா!" கத்தினார். விளக்கு எரிந்தது.

ஃபோனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். அவள் ஃபோன் அடிப்பது சவுண்ட்பாரில் கேட்டது.

"அப்பா, உங்க நம்பர்லேர்ந்தே கால் வரது. பாக்கெட்ல அமுங்கிடுத்தா?" இடைவெளி. "அதானே பாத்தேன்." வெட்டிவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டார். வெட்டினாள். ஒயரைப் பிடுங்கக் கை போனது. பிடுங்கினால் அவள் குரலும் போய்விடும். கை நின்றது.

"எங்கே, புனேக்கே வந்துட்டேளா? எங்க ஃப்ளாட்டுக்குக் கீழேயா? நிஜமாவா! அப்போ இத்தனை நாழி கேம்ல பேசினது? ஃபோன்லேர்ந்தேவா? அடேயப்பா, பெரிய ஆளாயிட்டேளே! இருங்கோ, வந்துட்டேன்."

நாற்காலி நகர்ந்தது. ஓட்டம். தாழ்ப்பாள்.

திரையில் அவள் பொம்மை ஆற்றங்கரையில் தனியாக நின்றது.

"அப்பா!" தூரத்தில் அவள் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "எவ்வளவு இளைச்சுப் போயிட்டேள்!"

துணி சரசரத்தது. கட்டிக்கொண்டாள்.

பராசரன் இரண்டு கையாலும் சவுண்ட்பாரைப் பிடித்துக்கொண்டு அதில் காதை வைத்தார்.

"சரி, போறும்ப்பா, விடுங்கோ" என்றாள், சிரித்துக்கொண்டே.

சரசரப்பு நிற்கவில்லை.

"விடுங்கோ" என்றாள், சிரிக்காமல்.